மார்கழியில் வடக்கே

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் மட்டும் மயிலாப்பூரின் மொட்டை மாடிகள் வடக்கே திரும்பும். வானம் தெளிந்திருந்தால், ஏறக்குறைய 80 கிலோமீட்டர் தள்ளி எழும்பும் நெருப்பை மந்தைவெளியிலிருந்தும் அடையாறிலிருந்தும் கூடப் பார்த்துவிடலாம். அது கண்ணிலிருந்து மறைந்ததும் எல்லாரும் படியிறங்கிவிடுவார்கள். மற்ற நாளெல்லாம் தென்சென்னைக்காரர்களுக்கு வெளியூர்ப் பயணம் என்றால் தெற்குதான். கிழக்குக் கடற்கரைச் சாலை, மாமல்லபுரம், புதுச்சேரி. வடக்கே என்ன இருக்கிறது என்று கேட்டால் எண்ணூர்ச் சாம்பலையும் கண்டெய்னர் லாரிகளையும் சொல்வார்கள். அதற்கு அப்பால் இருக்கும் சமவெளியைப் பற்றிப் பேச்சே வராது.

எனக்கு அது ஆறாத குறை. இந்த நகரம் பிறந்ததற்கு வடக்கே ஒரு காரணம் இருக்கிறது. வடக்கே வெட்டிய விறகில் சமைத்து, வடக்கே சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பில் சுவர் பூசி, வடக்கே தேங்கிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஊர் இது. அந்த நிலத்தைப் பார்க்க மார்கழியை விட்டால் வேறு மாதம் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்து ஆறுகளில் தண்ணீர் ஓடும். பழவேற்காடு ஏரி கரை தொட்டு நிற்கும். பறவைகள் வந்து இறங்கியிருக்கும். விடியற்காலையில் வாடைக்காற்று நெற்றியில் குத்தும். நம் ஊருக்கு இருக்கிற குளிர்காலம் அவ்வளவுதான், ஆனால் அது முழுதாக அங்கே இருக்கிறது.

பெரியப்பாவையும் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். எண்பதை நெருங்குகிறார். காரில் ஏறும்போதே கழுத்தைச் சுற்றி மஃப்ளர். கபாலீஸ்வரர் கோயில் பக்கம் பஜனை கோஷ்டி புறப்பட்டுக்கொண்டிருந்தது, மாட வீதியில் கோலங்கள் பாதி முடிந்திருந்தன. திருமயிலை ரயில் நிலையத்தைக் கடக்கும்போது அவர் ஜன்னலை இறக்கினார். பறக்கும் ரயிலின் தூண்களுக்கு அடியில் கறுப்பாகக் கிடக்கும் நீரைக் காட்டி, "இதுலதான்டா விறகுப் படகு வரும். கரையில ஆள் கயிறு கட்டி இழுத்துண்டு வருவான். ஸ்ரீஹரிகோட்டா விறகுன்னா தனி மரியாதை, நின்னு எரியும்" என்றார். சிறுவயதில் விறகுத் தொட்டிக்குப் போய்த் தராசில் நிறுத்து வாங்கிவரும் வேலை அவருடையதாம்.

பக்கிங்காம் கால்வாயின் கதை வடக்கில்தான் தொடங்குகிறது. 1806ல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டினார்கள். பிறகு அது பழவேற்காடு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தது, ஏரியையும் தாண்டி ஆந்திரக் கடற்கரையோடு நீண்டுகொண்டே போனது. மயிலாப்பூர் வழியாகப் போகும் பகுதி வந்தது 1877-78ல், தாது வருஷப் பஞ்சத்தின்போது. பஞ்சத்தில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கூலி கொடுத்து, கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே வெட்டச் செய்தார்கள். அப்போதிருந்த கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயரே கால்வாய்க்கு நிலைத்துவிட்டது. அதன் வழியே விறகு வந்தது, சுண்ணாம்பு வந்தது, உப்பும் நெல்லும் கருவாடும் வந்தன. 1965, 66 ஆண்டுப் புயல்களில் கால்வாய் சிதைந்தது. அதற்குள் லாரியும் ரயிலும் அந்த வேலையை எடுத்துக்கொண்டிருந்தன. 1997ல் ரயில் திருமயிலைக்கு வந்தபோது தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கியிருந்தன. பஞ்சத்தில் எலும்பும் தோலுமாக வந்தவர்கள் தோண்டிய நீர்வழியை இப்படி ஆக்கிவிட்டோமே என்ற வருத்தம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வரும்.

மாதவரம் தாண்டியதும் ஜி.என்.டி. சாலை. கொல்கத்தாவுக்குப் போகிற தேசிய நெடுஞ்சாலை 16. லாரிகளுக்கு இடையே செங்குன்றம் வரை பார்க்க ஒன்றும் இல்லை. ஆனால் இடது கைப்பக்கம் புழல் ஏரி கண்ணில் பட்டதும் வேகத்தைக் குறைக்கத் தோன்றும். 1872லிருந்து இந்த ஏரித் தண்ணீர்தான் கீழ்ப்பாக்கத்துக்குப் போய் நகரத்தின் குழாய்களுக்குப் பிரிந்தது. கொசஸ்தலையாற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்து, சோழவரம் வழியாக இங்கே கொண்டுவந்தார்கள். சத்தியமூர்த்தி மேயராக இருந்தபோது எடுத்த முயற்சியால் பூண்டி நீர்த்தேக்கம் 1944ல் வந்தது. 1996லிருந்து கிருஷ்ணா நீரும் கண்டலேறுவிலிருந்து பூண்டிக்கு வருகிறது. தி.நகரில் ஒருவர் குழாயைத் திறக்கும்போது அது எந்த மாவட்டத்து மழை என்று யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டும் என்பது என் ஆசை.

சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று உண்டு. 1950களிலிருந்து பல வருஷம் அங்கே கார்ப் பந்தயம் நடந்தது. பெரியப்பா தலைமுறைக்கு சோழவரம் என்றால் அந்தப் பந்தயம்தான். "டிக்கெட் இல்லாம முள்வேலிக்கு அடியில புகுந்து போவோம்" என்று சொல்லிக்கொண்டே காரனோடைப் பாலத்தில் கீழே ஓடும் கொசஸ்தலையாற்றை எட்டிப் பார்த்தார். தண்ணீர் இருந்தது. வெயில் காலத்தில் இதே பாலத்தில் போனால் மணலும் முட்செடியும்தான்.

தச்சூர் கூட்டுச்சாலையில் வலப்பக்கம் திரும்பினோம். நெடுஞ்சாலையின் இரைச்சல் சட்டென்று அறுந்தது.

பொன்னேரிக்குப் போகும் அந்தச் சாலையில் பனிமூட்டம் தரையோடு தரையாகக் கிடந்தது. மழைக்காலம் முழுக்கத் தண்ணீர் குடித்த வயல், இரவில் மேகமில்லாத வானம், ஓய்ந்த காற்று, இந்த மூன்றும் சேர்ந்துவிட்டால் நிலம் சீக்கிரம் குளிர்ந்துவிடும். அதன் மேலிருக்கும் காற்றின் ஈரம் நுண்துளிகளாகி மூட்டமாக நிற்கும். அடையாறில் 22 டிகிரி காட்டிய நேரத்தில் இங்கே இன்னும் குறைவாக இருந்திருக்கும். எதிரே வரும் டிராக்டரின் விளக்கு மட்டும் தெரிகிறது, டிராக்டர் தெரியவில்லை. இரண்டு பக்கமும் சம்பா நெல். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை. பனைகள் மட்டும் பனிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன. தென்சென்னையிலிருந்து வருகிறவருக்கு இந்தத் தட்டையான வெளி முதலில் வெறுமையாகத் தெரியும். கொஞ்சம் நின்று பார்த்தால் அது முழுவதும் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஆயிரக்கணக்கான வருஷம் கொட்டிப் பரப்பிய வண்டல் என்பது புரியும்.

வரப்பில் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவரிடம் பெரியப்பா பேச்சுக் கொடுத்தார்.

"கதிர் வந்தாச்சா?"

"பால் புடிக்குதுங்க ஐயா. தை கடைசியில அறுப்பு."

"இந்தப் பனி ஆகுமா?"

"அளவா இருந்தா நல்லதுங்க. மூட்டமா நாலு நாள் நின்னுச்சுன்னா புகையான் வந்துடும். அதான் காலையிலயே வந்து தூரைப் பார்க்கிறேன்." குனிந்து ஒரு தூரை விலக்கிக் காட்டினார். அடித்தண்டில் பூச்சி இல்லை. முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து எங்களுக்கும் மனசு லேசாயிற்று.

இவர்கள் நிலத்துக்கு அடியில் நடந்ததைச் சொல்லாமல் விட முடியாது. 1960களில் இந்த ஆரணி, கொசஸ்தலை வண்டலுக்கு அடியில் நல்ல நீர்ப்படுகை இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். மீஞ்சூரிலும் பஞ்செட்டியிலும் கிணறுகள் போட்டுச் சென்னைக்கும், மணலித் தொழிற்சாலைகளுக்கும் நீர் எடுத்தார்கள். விவசாயிகளும் எடுத்தார்கள். நன்னீர் இறங்க இறங்கக் கடல் உள்ளே ஏறியது. மீஞ்சூர்ப் பக்கம் பல கிலோமீட்டர் தூரத்துக்குக் கிணறுகள் உப்புக் கரித்தன. ஒருகாலத்தில் இளநீர் மாதிரி இருந்த கிணற்றை மூடிவிட்டுக் குடிநீருக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். 2010ல் அங்கிருந்து சற்றுத் தூரத்தில் காட்டுப்பள்ளிக் கடற்கரையில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலை வந்தது. நகரம் எடுத்ததற்கு இந்த நிலம் கொடுத்த விலையை யாராவது கணக்குப் பார்க்க வேண்டும்.

பொன்னேரியில் சூடாகப் பொங்கலும் வடையும் கிடைத்தன. ஆரணியாறு இங்கே ஊரை ஒட்டிப் போகிறது. பிச்சாட்டூரில் அணையைத் திறந்தால் சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, லட்சுமிபுரம் அணைக்கட்டு என்று ஒவ்வொரு ஊராகச் செய்தி முன்னால் ஓடிவரும், தண்ணீர் பின்னால் வரும். கனமழை வருஷத்தில் ஆண்டார்மடம் பக்கம் சாலையே அறுந்து, பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் சுற்றிப் போக வேண்டியிருக்கும். திருப்பாலைவனம் கோயிலில் சிறிது நேரம் நின்றோம். தலமரம் பாலை. வயலுக்கு நடுவே பழைய கற்றளியில் ஆளரவமே இல்லாமல் காலைப் பூஜை நடந்துகொண்டிருந்தது.

பழவேற்காட்டை எட்டும்போது வெயில் ஏறிவிட்டது, பனி கலைந்துவிட்டது. முதலில் மூக்குக்குத்தான் ஊர் வந்தது தெரிகிறது, ஈரவலையும் கருவாடும் கலந்த வாசனை. பாலத்துக்குப் பக்கத்தில் மீன் ஏலம் முடிகிற நேரம். மடவை, கிழங்கான், இறால், கொடுக்கைக் கயிற்றால் இறுக்கிக் கட்டிய பச்சை நண்டு. பெரிய நண்டுகள் சென்னை வழியாக சிங்கப்பூருக்கு விமானம் ஏறிவிடும் என்றார் ஏலத்தில் நின்றவர். உள்ளூரில் விற்பவை கால் ஒடிந்தவையும் சிறியவையும்தான்.

சிலிகாவுக்கு அடுத்தபடி இந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. வடக்கு தெற்காக ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளம். பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்கோடி நம்மிடம். அத்தனை பரப்பு இருந்தும் ஆழம் இல்லை. பல இடங்களில் இடுப்பளவு, முழங்காலளவு நீர். மழைக்காலத்தில் ஆறுகள் கொட்டும் வெள்ளத்தில் உப்பு குறைந்துவிடும். கோடையில் ஆற்று நீர் நின்று, வெயிலில் வற்ற வற்ற, வடக்குப் பகுதியில் கடலைவிட உப்புக் கூடிவிடும். ஏரி உயிரோடு இருப்பது முகத்துவாரத்தை நம்பி. வெள்ளம் வேகமாக வந்தால் மணலை அறுத்துக்கொண்டு வாய் திறக்கும். வெள்ளம் நின்றதும் கடல் மணலைக் கொண்டுவந்து மூடும். அதனால் இங்கே ஒருவரை ஒருவர் பார்த்தால் முதலில் கேட்கிற கேள்வி, "முகத்துவாரம் எப்படி இருக்கு?"

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒரு பெரியவர் பாடு முறையை விளக்கினார். ஏரியில் இறால் ஓடுகிற நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லாரும் எல்லா நாளும் அங்கே வலை போட்டால் சண்டை வரும், இறாலும் தீரும். அதனால் கோட்டைக்குப்பம், ஆண்டிகுப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் முறைவைத்துப் போகின்றன. ஊருக்குள் தலைக்கட்டு வாரியாகச் சீட்டுப் போட்டு யாருக்கு எந்த இடம் என்று முடிவாகும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம் வரும்.

"தண்ணி இறங்குறப்ப இறாலும் இறங்கும் தம்பி. அந்த நேரத்துல நம்ம முறை இல்லன்னா கரையிலதான் உக்காரணும். என்ன பசியா இருந்தாலும் அடுத்தவன் பாட்டுல கை வைக்கக் கூடாது."

அரசாங்கச் சட்டம் எதுவும் எழுதித் தராமல், பல தலைமுறையாக, தாங்களே வகுத்துத் தாங்களே கட்டுப்பட்ட ஒழுங்கு. இதைக் கேட்டபோது எனக்கு உண்மையாகவே மரியாதை உண்டாயிற்று. அதே மூச்சில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பாடு உரிமை பிறப்பாலும் சாதியாலும் வருகிறது. உரிமை இல்லாத மற்றவர்கள், முக்கியமாக இருளர்கள், மிச்ச இடங்களில்தான் பிழைக்க வேண்டும். பாலத்திலிருந்து பார்த்தால் அவர்கள் தெரிவார்கள். மார்பளவு நீரில் ஒரு பெண் உட்கார்ந்த நிலையிலேயே நகர்கிறார். பனையோலையில் முடைந்த பறியின் கயிற்றைப் பல்லால் கடித்திருக்கிறார். இரண்டு கையும் சேற்றுக்குள் துழாவுகின்றன. ஒவ்வொரு இறாலாகப் பிடித்துப் பறிக்குள் போடுகிறார். மார்கழிக் குளிரில் காலையிலிருந்து அந்த நீரில் இருப்பவர் அவர். வலையும் படகும் இல்லாமல் விரல் நுனியை மட்டும் நம்பிச் செய்யும் அந்த வேலைக்கு ஈடான திறமையை நான் அதிகம் பார்த்ததில்லை.

டச்சுக்காரர்கள் 1613ல் இங்கே கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதரும் அகழியும்தான். ஆனால் 1690ல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை, சோழமண்டலக் கரை முழுவதற்கும் அவர்கள் தலைமையிடம் இந்த ஊர். கட்டம் போட்ட பருத்தித் துணி இங்கிருந்து ஜாவாவுக்கும் மலாயாவுக்கும் போயிற்று. இங்கே வெடிமருந்து செய்தார்கள், நாணயம் அடித்தார்கள். பஞ்சத்திலும் போரிலும் சிக்கிய ஆயிரக்கணக்கான மனிதர்களை அடிமைகளாக வாங்கி பத்தேவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். தொல்லியல் துறை காக்கும் டச்சுக் கல்லறையில் வாசலின் இரு பக்கமும் எலும்புக்கூடுகளைச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே வணிகர்களின் பெயர்கள், குலச் சின்னங்கள், நுணுக்கமான எழுத்து. கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்கு ஒரு கல்கூட இல்லை. அந்த எண்ணம் வந்தபின் செதுக்கு வேலையின் அழகை ரசிக்க மனம் ஒப்பவில்லை.

ஊருக்குள் நடந்தால் பள்ளிவாசலின் நிழற்கடிகாரம், செம்புராங்கல்லில் எழுப்பிய ஆதிநாராயணப் பெருமாள் கோயில், போர்த்துகீசியர் காலத்தில் தொடங்கிய மகிமை மாதா ஆலயம் எல்லாம் கூப்பிடு தூரத்தில். வீட்டுத் திண்ணைகளில் முஸ்லிம் பெண்கள் பனையோலைக்குச் சாயமேற்றிக் கூடை முடைகிறார்கள். பெரியப்பா ஒரு மூடிபோட்ட பெட்டி வாங்கினார், பேரம் பேசவில்லை. படகில் போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. நான் வேண்டாம் என்றேன். 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே சுற்றுலா வந்த குடும்பத்தினர் 22 பேர் படகு கவிழ்ந்து இறந்தார்கள். அதன்பின் சுற்றுலாப் படகுக்குத் தடை. யாராவது ரகசியமாகக் கூப்பிட்டாலும் ஏறாமல் இருப்பதே இறந்தவர்களுக்கு நாம் செய்யும் மரியாதை.

பாலத்தில் நின்று தெற்கே பார்த்தால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தின் பக்கமும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளின் பக்கமும் வானம் பழுப்பாக இருக்கிறது. நம் வீட்டு விளக்கு எரிய அங்கே எரிக்கும் நிலக்கரியின் சாம்பல் கொசஸ்தலையாற்றின் ஓரம் குவிகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் எண்ணூர்க் கழிமுகத்தை மூடியபோது, கூழைக்கடாக்கள் கறுத்த இறகோடு பறக்க முடியாமல் உட்கார்ந்திருந்த படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. துறைமுகத்தை இன்னும் பெரிதாக்கும் திட்டத்தைப் பழவேற்காட்டு மீனவர்கள் பல வருஷமாக எதிர்த்து வருகிறார்கள். கடலுக்குள் கல்லைக் கொட்டினால் மணல் நகரும் வழி மாறும், முகத்துவாரம் கெடும், கரை அரிக்கும் என்பது அவர்கள் வாதம். மணலைத் தலைமுறைகளாகக் கவனித்தவர்கள் சொல்வதை நான் நம்புகிறேன்.

திரும்பவும் நெடுஞ்சாலைக்கு வந்து கும்மிடிப்பூண்டி, எளாவூர் சோதனைச் சாவடி, ஆரம்பாக்கம். தடாவில் பெயர்ப்பலகைகள் தெலுங்குக்கு மாறுகின்றன, வயலும் பனையும் மாறுவதில்லை. 1960 ஏப்ரலில் எல்லையைத் திருத்தியபோது திருத்தணி நம்மிடம் வந்தது, பொன்னேரி வட்டத்திலிருந்து சில ஊர்கள் அந்தப் பக்கம் போயின. ஏரிக்கு நடுவே ஆந்திரத்தின் இருக்கம் தீவில் இன்றும் தமிழ் பேசுகிறார்கள்.

சூளூர்ப்பேட்டையில் செங்காளம்மன் கோயிலில் பெரியப்பா கும்பிட்டுக்கொண்டார். அங்கே கதவைச் சாத்தும் வழக்கமே கிடையாது. ஊரை விட்டு கிழக்கே திரும்பினால், ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகும் சாலை ஏரியின் நடுவிலேயே ஓடுகிறது. இந்தப் பயணத்தில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இங்கே வாருங்கள். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அதற்கு மேலே வானம். நடுவே நேர்கோடாகச் சாலை. கொஞ்ச தூரத்தில் வெளிறிய ரோஜா நிறத்தில் திட்டுத் திட்டாக ஏதோ தெரிந்தது. அட்டகானிதிப்பாவுக்கு முன்பே வண்டியை ஓரமாக நிறுத்தினோம்.

பூநாரைகள். நூற்றுக்கணக்கில். முழங்கால் நீரில் வரிசையாக நின்று, கழுத்தை வளைத்துத் தலையைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, அலகால் சேற்றுநீரை உறிஞ்சி வெளியே தள்ளுகின்றன. அலகின் ஓரத்திலுள்ள சல்லடையில் பாசியும் நுண்ணிறாலும் தங்கிவிடும். அந்த உணவில் இருக்கும் நிறமியே இறகின் ரோஜா நிறத்துக்குக் காரணம். சாம்பல் நிறத்தில் நின்றவை இளம்பறவைகள், நிறம் ஏற இன்னும் சில வருஷங்கள் ஆகும். கட்ச் ரண்ணில் குஞ்சு பொரிக்கும் இந்தக் கூட்டத்துக்குத் தேவை இந்த ஆழம்தான். தண்ணீர் கூடினால் கால் நிலைக்காது, வற்றினால் இரை இருக்காது. ஒரு லாரி ஹாரன் அடித்துப் போனதும் கூட்டம் மொத்தமாக எழும்பியது. இறக்கையின் அடியில் சிவப்பும் கறுப்பும் ஒரே நேரத்தில் விரிந்தன. பெரியப்பா "சிவ சிவா" என்றார். நான் கேமராவை எடுக்கவில்லை, எடுத்திருந்தால் அதைப் பார்த்திருக்க மாட்டேன்.

சாலை முடிகிற இடம் விண்வெளி மையத்தின் வாசல். 1971ல் இங்கிருந்து முதல் ரோகிணி ஆய்வு ராக்கெட் கிளம்பியது. 1980ல் எஸ்.எல்.வி.-3 செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. 2002லிருந்து சதீஷ் தவான் பெயர். அதற்கு முன் இந்தத் தீவு முழுக்கக் காடு. ஏனாதிகள் தேனும் கிழங்கும் மூலிகையும் எடுத்துப் பிழைத்த காடு. மையம் வந்தபோது அவர்களை இடம் மாற்றினார்கள். மயிலாப்பூர் அடுப்புக்குப் போன விறகும் இந்தக் காட்டில் வெட்டியதுதான். பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் மரங்களைப் பார்த்துக்கொண்டே, "வெட்டினவன் யாருன்னு அப்ப தோணினதே இல்லடா" என்றார்.

நேலப்பட்டு சூளூர்ப்பேட்டையிலிருந்து வடக்கே 20 கிலோமீட்டர் போல. 1976லிருந்து சரணாலயம். ஏரிக்குள் நீர்க்கடம்பு மரங்கள், ஒவ்வொன்றிலும் கூழைக்கடாக்களின் கூடு. நத்தைகுத்தி நாரை, வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் கிளையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. பறவைகள் கூடு கட்டுவது இங்கே, இரை தேடப் போவது பழவேற்காடு ஏரிக்கு. ஏரியில் மீன் குறைந்தால் இங்கே குஞ்சு பட்டினி கிடக்கும். ஊர்க்காரர்கள் பறவையை விரட்டுவதில்லை. எச்சம் விழுந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம் என்று தலைமுறையாக அறிந்தவர்கள். பெரிய பறவை குஞ்சின் முன் அலகைத் திறக்க, குஞ்சு தலையையே தொண்டைக்குள் விட்டுச் சாப்பிட்டதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியாக ஏரியின் வடகோடிக்கு, துகராஜபட்டினம் போனோம். பறவை பார்க்க வருகிறவர்கள் இவ்வளவு தூரம் வருவது அபூர்வம். எனக்கு வர வேண்டியிருந்தது. 1626ல் ஆங்கிலேயக் கம்பெனி இங்கே ஒரு பண்டகசாலை வைத்தது. அவர்கள் இந்த இடத்தை அர்மகான் என்றார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் பலமாக இருந்தார்கள், இங்கே நல்ல துணி போதுமான அளவு கிடைக்கவில்லை. இங்கே தலைவராக இருந்த பிரான்சிஸ் டே வேறு இடம் தேடித் தெற்கே போனார். 1639 ஆகஸ்டில் தாமர்ல வெங்கடப்ப நாயக்கரிடமிருந்து மதராசப்பட்டினத்துக்கு அனுமதி கிடைத்தது. அடுத்த வருஷம் மூட்டை கட்டிக்கொண்டு போய்க் கோட்டை கட்டத் தொடங்கினார்கள். நாம் ஆகஸ்ட் 22ல் கொண்டாடும் சென்னை தினத்துக்கு முந்தைய அத்தியாயம் இந்தக் கரையில் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்தவை சவுக்கும் பனையும் கரையேற்றிய படகுகளும்.

இந்தக் கரையின் பட்டபு மீனவர்கள் வீட்டில் பேசுவது தமிழைச் சேர்ந்த ஒரு பேச்சு. படகு நிழலில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தமிழிலேயே விசாரித்தார்.

"எந்த ஊரு?"

"மெட்ராஸ். மயிலாப்பூர்" என்றார் பெரியப்பா.

"நம்ம பையன் அங்கதான் இருக்கான். தி.நகர்ல துணிக்கடை. மூணாவது மாடியில சட்டை விக்கிறான்." எழுந்து வீட்டுக்குள் போனார். அவருடைய மனைவி கையில் ஒரு பொட்டலத்தோடு வந்தார். காய்ந்த சென்னாக்குனி, செய்தித்தாளில் சுற்றிச் சணலில் கட்டியது. இதைக் கொடுத்துவிட முடியுமா என்று கேட்கும்போதே என் கையில் வைத்துவிட்டார்.

மகனின் போன் நம்பரை எழுதிக்கொண்டேன். கார் கிளம்பும்போது அந்த அம்மா ஜன்னலருகே வந்து, "சங்கராந்திக்கு ரெண்டு நாள் முன்னாடியே வரச் சொல்லுங்க அண்ணா. கடையில லீவு கேட்கச் சொல்லுங்க" என்றார். பெரியப்பா மடியில் பொட்டலத்தை வைத்துக்கொண்டு, தானே நேரில் போய்ச் சொல்வதாக ஒப்புக்கொண்டார்.